மூலிகை என்றுதான் எழுதியிருந்தது

சட்டையின் இடக்கை ஏறிவிட்டது. வலக்கை முழங்கைக்கு மேலே போகமாட்டேன் என்று நின்றது. நித்தியானந்தன் தம்பியின் தோளைத் தூக்கிப் பிடிக்க, பெனிற்றா துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள். எட்டு வருடத்துக்கு முன் லண்டன் ஈஸ்ட் ஹாமில் தைப்பித்த கலியாணச் சட்டை. ஒருவழியாகக் கை நுழைந்த பிறகு பார்த்தால், பொத்தானுக்கும் ஓட்டைக்கும் இடையில் ஒரு சாண் வெளி கிடந்தது.

"கலியாணச் சட்டை ஒருத்தருக்கும் பத்துறதில்லை அண்ணை," என்றாள் பெனிற்றா. "ஆனா வழமையா வயிறுதான் முட்டும். நெஞ்சு முட்டி இண்டைக்குத்தான் பாக்கிறன்."

மன்னார்ப் பெண். செத்தவர்களை வைக்கிற அந்த மலர்ச்சாலையில் ஒன்பது வருடமாகத் தமிழ் ஆட்களுக்குக் கடைசி உடுப்புப் போட்டுவிடுகிறவள். வாய் பகிடி விட்டாலும் கை பகிடி விடவில்லை. முதுகுப் பக்கம் நடுவால் வெட்டிவிட்டால் முன்பக்கம் வடிவாக வரும், படுத்திருக்கிறவரின் முதுகை யாரும் பார்க்கப்போவதில்லை என்று சொல்லிக் கத்தரிக்கோலை எடுத்தாள். பட்டு வெட்டுப்படுகிற சத்தத்தை நித்தி யன்னலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டு நின்றார். திரும்பியபோது சட்டை பூட்டியிருந்தது. கழுத்தெலும்பிலிருந்து கீழே ஓடிய தையலும் மறைந்துவிட்டது. அதை இனிப் பார்க்கவேண்டியதில்லை என்பது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

தம்பி டிலுக்சன் செத்துப் பதினெட்டு நாள். முப்பத்தாறு வயது. ஒரு சனிக்கிழமை பின்னேரம், ஆறு வயது மகள் மேனுஷாவை நீச்சலுக்குக் கூட்டிப்போக மாடியிலிருந்து இறங்கி வந்தவன், களைப்பாறுகிறவன்போலக் கடைசிப் படியில் இருந்தான். பிறகு எழும்பவில்லை. நோய்நொடி இல்லாத ஆள் இப்படிப் போனால் இந்த நாட்டில் உடனே எரிக்க விடமாட்டார்கள். மரண விசாரணை அலுவலகம் உடலை எடுத்து வெட்டிப் பார்த்தது. இதயம் பெருத்திருக்கிறது, அதன் சுவர் தடித்திருக்கிறது என்றார்கள். பரம்பரையாக வந்திருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம், முழு முடிவுக்கு மாதக்கணக்காகும், உடலை மட்டும் இப்போது தருகிறோம், எதற்கும் பிள்ளையின் இதயத்தையும் சோதியுங்கள் என்றார்கள்.

அந்தக் கடைசிச் சொல் டிலுக்சனின் மனைவி தர்மிகாவைப் பிடித்துக்கொண்டது. புருஷனுக்காக அழக்கூட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. பிள்ளையின் நீச்சல் நின்றது, நடன வகுப்பு நின்றது, விளையாட்டுப் பாடத்துக்கு விடவேண்டாம் என்று பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் போனது. பிள்ளை நித்திரையாய்க் கிடக்கும்போது மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்கிறாள் என்று நித்தியின் அம்மா சுசிலா அவரிடம் சொல்லி அழுதார். சோதனைக்கு இன்னும் ஏழு கிழமை காத்திருக்கவேண்டும்.

அந்த "வேறு காரணம்" என்னவாக இருக்கும் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நித்திதான். அவர்தான் பதினெட்டு நாளாக வாயே திறக்கவில்லை.

டிலுக்சன் லண்டனுக்கு வந்தபோது அவனுக்கு ஈர்க்கு என்று பட்டம். பெண் பார்க்கப் போன வீட்டில் தர்மிகாவின் மாமா ஒருவர், மாப்பிள்ளையை வெளியில் விடாதேங்கோ, காற்று அடிக்குது என்றார். எல்லாரும் சிரித்தார்கள், டிலுக்சனும் சேர்ந்து சிரித்தான். கலியாணம் முடிந்த கையோடு போய் ஜிம்மில் சேர்ந்தான்.

முதலில் குடித்தது புரதமா, புரோட்டீன் பவுடர். நித்திக்கு லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் கடை. அரிசியும் மரக்கறியும் இருந்த தட்டுகளில் பெரிய பெரிய பவுடர் டப்பாக்களும் வந்து ஏறத் தொடங்கிய காலம் அது. டிலுக்சன் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிறவன் இல்லை. கரண்டியால் அளந்துதான் போடுவான். ஒருதரம் டொக்டரிடம் போய்ச் சிறுநீரகத்தைச் சோதித்தும் பார்த்தான். இந்தப் பவுடர் பாலிலிருந்து வருகிறதுதான், சுகமான ஆள் அளவாக எடுத்தால் பெரிய பிழையில்லை, சாப்பாட்டிலும் இது கிடைக்கும், ஆனால் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத எதையும் விழுங்கவேண்டாம் என்று அந்த டொக்டர் சொல்லி அனுப்பினார். நல்ல புத்திமதி. டிலுக்சனும் அதை மறக்கவில்லை.

மறக்கப் பண்ணியவர் நித்தி. கடைக்கு வான் வண்டியில் சாமான் கொண்டுவந்து போடுகிற ஒருவர் ஒருநாள் வெள்ளைப் போத்தல்களில் விழுங்குகிற குளிசை கொண்டுவந்தார். தசை ஏறும், களைப்புப் போகும் என்றார். டிலுக்சன் ஒரு போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அண்ணை, இது சேஃப்தானோ என்று கேட்டான். நித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொடி எழுத்தை வாசித்தார். விளங்காத பத்துப் பன்னிரண்டு பெயர்களுக்கு நடுவில் ஒன்று மட்டும் விளங்கியது, அமுக்கிரா. மேலே மூலிகை என்று எழுதி ஒரு பச்சை இலையும் கீறியிருந்தது.

"இது எங்கட சாமானடா," என்றார். "எங்கட மூலிகை என்ன செய்யப்போகுது?"

வெள்ளைக்காரனின் பவுடரைப் பற்றி டொக்டரிடம் போய்க் கேட்டவன், எங்கட சாமானைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. அண்ணன் சொன்னால் சரி. ஐந்து வருடம் விழுங்கினான்.

பலன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஈர்க்கு என்றவர்கள் வாயை மூடினார்கள். அந்த மாமாவே வந்து தொந்தியைக் குறைக்க வழி கேட்டார். முழங்கால் ஒப்பரேசன் முடிந்து வந்த அம்மாவை, லிப்ட் பழுதான நாளில், மூன்று மாடி தூக்கிக்கொண்டு ஏறினான் டிலுக்சன். கூனிக்கொண்டு திரிந்த பொடியன் நிமிர்ந்து நடந்ததைப் பார்க்க நித்திக்கு உள்ளூரப் பெருமைதான். போன வருடம்தான் ஏதோ பிசகியது. மாடிப்படியில் மூச்சு வாங்கினான், முகம் சிவந்து சிவந்து வந்தது, தொட்டதுக்கெல்லாம் கோபம். வயசு போகுதடா என்று நித்தி அதையும் பகிடியாக்கினார்.

விசாரணை அலுவலகத்துப் பெண் ரெலிபோனில் கேட்டபோது, நீங்களே கதையுங்கோ அண்ணை என்று தர்மிகாதான் போனைக் கொடுத்தாள். உங்கள் தம்பி என்னென்ன எடுத்தார்? புரதமாவும் விற்றமினும் என்றார் நித்தி. அன்று பின்னேரமே டிலுக்சனின் ஜிம் பையிலிருந்த போத்தலை எடுத்துக் குப்பையில் போட்டார். கடையின் பின்னறையில், சவர்க்காரப் பெட்டிகளுக்குப் பின்னால், இன்னும் இரண்டு போத்தல் இருந்தன. அவற்றை எறிய ஏனோ கை வரவில்லை. இருக்கிறதே என்று நித்திரையும் வரவில்லை. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும்.

பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்தில் சனம் நிறைந்துவிட்டது. மோர்டனிலிருந்து வந்திருந்த நாலைந்து பெரியவர்கள் பின்வரிசையில் இருந்து காரணம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். பவுடர்தான் கொன்றது என்றார் ஒருவர். பவுடர் ஒன்றும் செய்யாது, ஜிம்தான் கூடாது என்றார் மற்றவர். சும்மா நடந்தாலே காணும், இவங்களுக்கு ஏன் இந்த வேலை என்றார் மூன்றாமவர். அவர் இந்தக் குளிருக்குள் முன்கடைக்கும் காரில் போகிறவர். மூவரும் சீனி வருத்தக்காரர். தேநீருக்குள் மூன்று கரண்டி சீனி போட்டிருந்தார்கள். வேறொரு நாளென்றால் நித்தி இதை வீட்டுக்குப் போய் நடித்துக் காட்டியிருப்பார்.

பக்கத்து அறையில் தர்மிகா ஒரு படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அம்மா சுவரைப் பார்த்தபடி இருந்தார். மேனுஷா கதிரையில் இருந்தாள். அரைமணித்தியாலமாக இருக்கிறாள். காலைக்கூட ஆட்டவில்லை. ஆறு வயதுப் பிள்ளை அப்படி இருக்கக்கூடாது.

"அண்ணை, இது பிள்ளையின்ர ஹார்ட் டொக்டருக்குப் போறது," என்றாள் தர்மிகா. "இண்டைக்கு அனுப்பினால் முன்னுக்கு ஒரு இடம் கிடைச்சாலும் கிடைக்குமாம். உங்கட பக்கத்தில ஆருக்கும் நெஞ்சு வருத்தம் இருந்ததோ எண்டு கேட்டிருக்கு. நிரப்பித் தாங்கோ."

புருஷனை எரிக்கிற நாளில் படிவம் நிரப்புகிறாளே என்று யாரும் நினைத்தால் நினைக்கட்டும் என்கிற முகம். நித்தி பேனையை வாங்கினார். அப்பா கிணற்றடியில் விழுந்து செத்தவர், நெஞ்சு வருத்தம் இல்லை. அப்பாவின் அப்பா எண்பத்தொரு வயதில், தூக்கத்தில். அம்மாவின் பக்கத்திலும் யாருக்கும் கிடையாது. எங்கட பரம்பரையில் அப்படி ஒன்றும் இல்லை என்று அம்மா பழியைத் துடைக்கிறவர்போலச் சொன்னார். இல்லை, இல்லை, இல்லை என்று எழுதிக்கொண்டு வந்தவருக்கு, இறந்தவர் ஏதும் மருந்தோ வேறு ஏதாவதோ பாவித்தாரா என்ற வரியில் பேனை நின்றது. நிமிர்ந்து பார்த்தார். மேனுஷா அசையாமல் இருந்தாள்.

"தர்மிகா, ஒருக்கா வெளியில வாரும்," என்றார்.

வாசலில் மலர்வளையங்கள் சாத்திக் கிடந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். டிலுக்சன் ஒரு குளிசை போட்டவன், ஐந்து வருடமாக. இப்படிப்பட்ட குளிசைகளில் சிலதுக்குள் எழுதாத மருந்தும் கலந்திருக்குமாம், அதாலும் இதயம் தடிக்குமாம், இந்த நாட்களில் தேடி வாசித்துப் பார்த்தேன் என்றார்.

"எந்தக் குளிசை? பவுடர்தானே குடிச்சவர்?"

"இல்லை. குளிசையும். நான்தான் குடுத்தனான்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பார்.

"பதினெட்டு நாள்," என்றாள் தர்மிகா. "பதினெட்டு நாளா என்ர பிள்ளையைப் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்."

அவள் மறுமொழிக்குக் காத்திருக்கவில்லை. போனை எடுத்து அந்த அலுவலகத்து இலக்கத்தை அழுத்தி, பேசுவது இருவருக்கும் கேட்கும்படி வைத்து, அவர் கையில் கொடுத்தாள்.

"எனக்கு முன்னால கதையுங்கோ."

கதைத்தார். முதலில் ஏன் சொல்லவில்லை என்பதையும் சொன்னார். அந்தப் பெண் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. இருக்கிற போத்தல்களை எறியவேண்டாம், ஆள் அனுப்பி எடுப்போம் என்றாள். அப்படியென்றால் பிள்ளைக்கு ஒன்றும் இல்லைத்தானே என்று நித்தி கேட்டார். அப்படிச் சொல்ல முடியாது, குளிசையாகவும் இருக்கலாம், பரம்பரையாகவும் இருக்கலாம், இரண்டுமாகவும் இருக்கலாம், பிள்ளையைச் சோதிக்கத்தான் வேண்டும் என்றாள். பிறகு, நீங்கள் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்களா என்று கேட்டாள். ஓம் என்றார். அப்படியானால் நீங்களும் சோதிக்கவேண்டும், பெரியவர்களுக்குக் கெதியாக இடம் கிடைக்கும், உங்கள் முடிவு பிள்ளையைப் பார்க்கிற டொக்டருக்கும் உதவும் என்றாள்.

போன் ஓய்ந்த பிறகுதான் அது நித்திக்கு மெல்ல உறைத்தது. தன் இதயமும் தடித்திருந்தால் அது பரம்பரை. குளிசையில் குற்றமில்லை, தன்னிலும் குற்றமில்லை, ஆனால் பிள்ளை அகப்பட்டுவிடும். தன் இதயம் சுத்தமாக இருந்தால் பிள்ளைக்குப் பயம் பாதி குறையும். ஆனால் தம்பியைக் கொன்றது தன் கை என்று ஆகிவிடும். இதை நினைத்த முதல் நொடியில், தடித்துத்தான் இருக்கவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடிக்காகத் தன்னைத் தானே காறித் துப்பவேண்டும்போல இருந்தது.

தர்மிகாவுக்கும் அது விளங்கியிருக்கவேண்டும். கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்:

"கொள்ளியை நீங்களே வையுங்கோ. வேற ஆளில்லை. ஆனா நாளைக்கே போய் உங்கட நெஞ்சைக் காட்டவேணும். பிள்ளையின்ர டொக்டரிட்டயும் நீங்கள் வரவேணும். இந்தக் குளிசைக் கதையை நான் சொல்லமாட்டன், நீங்கள்தான் சொல்லவேணும்."

தகனசாலையில் ஒன்றும் பிந்தவில்லை. அடுத்த குடும்பம் வெளியில் காத்து நின்றது, ஐயர் மந்திரத்தைச் சுருக்கினார். வாய்க்கரிசி போட்டார்கள். கற்பூரத்தைப் பெட்டியின் தலைமாட்டில் காட்டிவிட்டு, அந்தப் பொத்தானை அழுத்துங்கோ என்றார் ஐயர். கொள்ளி வைப்பது இங்கே அவ்வளவுதான். நித்தி அழுத்தினார். பெட்டி சத்தமில்லாமல் நகர்ந்தது. அம்மா ஒருதரம் "தம்பீ" என்று கூப்பிட்டார். திரை மூடியது.

நித்தி திரும்பவில்லை. வலக்கை தன்பாட்டில் போய் இடப்பக்க நெஞ்சில் இருந்தது. உள்ளே அடித்துக்கொண்டிருந்தது, பலமாக, ஒழுங்காக. ஐம்பது வருடத்தில் அவர் அதை ஒருநாளும் கவனித்ததில்லை. நல்லா இரு, நல்லா இரு என்று அதனிடம் கேட்டுக்கொண்டு நின்றார்.

அம்மா பயந்துபோய்க் கிட்ட வந்தார்.

"என்ன நித்தி, நெஞ்சு நோகுதோ?"

தர்மிகா மேனுஷாவைப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் நின்றாள்.

"இல்லையம்மா," என்றார். "ஒரு நோவும் இல்லை. நல்லா இருக்கு."

அம்மா நம்பவில்லை. அவருடைய கையை விலக்கிவிட்டுத் தன் உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்தார். வைத்தபடியே நின்றார். தர்மிகா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.