பத்தாவது சொல்

கழுத்தறுபட்டுச் செத்த கொல்லன் கமூஸ், அன்று மாலைத் தொழுகைக்கே எழுந்து நின்றான். கடலுக்கு அப்பால் நடந்த சண்டைக்கு ஜெர்பா தீவில் பழிதீர்க்கக் கிளம்பிய கும்பல், யூதத் தெரு ஜெபக்கூடத்தின் கதவைப் பிளந்து, கிழவர்களின் பல்லை உடைத்து, கமூஸின் கழுத்தில் கத்தியை இழுத்துவிட்டுப் போயிருந்தது. தெருவில் ஆண்கள் பத்தே பேர். ஒருவர் குறைந்தாலும் தொழுகை இல்லை, செத்தவனுக்கான ஜெபமும் இல்லை. ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணினால் கண்பட்டுவிடும் என்பதால், கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஃபராஜி, பத்துச் சொல் வேதவசனம் ஒன்றை ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லி எண்ணுவார். அன்று நெற்றி ரத்தம் கண்ணை மறைத்ததில், பழக்கதோஷம், கடைசிச் சொல்லைப் பிணத்தின் மேல் சொல்லிவிட்டார். அந்தச் சொல் ‘என்றென்றைக்கும்.’ கமூஸ் எழுந்து ஆமென் சொன்னான்.

பத்து சேர்ந்ததே என்று ஊர் நிம்மதியானது. அவன் மனைவி மெசவுதாவுக்குத்தான் நிம்மதி இல்லை. அவன் உண்ணவில்லை, அவளை அடையாளம் தெரியவில்லை. ஒவ்வொரு ஆமெனுக்கும் கழுத்து வாய்பிளந்து ரத்தம் கொட்டியது.

“ஃபராஜி அண்ணே, சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கிக்கங்க. அந்த மனுசனை மண்ணுல வைக்கணும்.”

“வச்சா நாங்க ஒம்போது பேரு தாயி. அவனுக்கு யாரு ஜெபம் சொல்றது?”

“அப்ப நான் பொண்டாட்டியா, விதவையா? அதையாவது எண்ணிச் சொல்லுங்க.”

ஃபராஜி அடுத்த தொழுகைக்கு விளக்கேற்றப் போனார்.

சில வருடம் கழித்து, பெருநிலத்து ஸ்ஃபாக்ஸில் தன் கடையை எரித்துவிட்டார்கள் என்று அவள் தம்பி ஷூஷான் வந்து சேர்ந்தான். வரிசையில் கமூஸுக்கு முந்திப் பத்தாவது ஆளாகப் போய் நின்றான்.

“அந்தச் சொல்லு உன் மேல விழும்டா, செத்தாலும் நிக்கணும்,” என்றார் ஃபராஜி.

“விழட்டும். அக்கா அழுது முடிக்கட்டும்.”

விழுந்தது. கமூஸ் வெட்டிய மரமாய்ச் சாய்ந்தான். அத்தனை வருட ரத்தமும் ஒரேயடியாய்ப் பாய்களை நனைத்து, வாசல் தாண்டித் தெருவுக்கு ஓடியது. கல்லறையில் பத்துப் பேர் ஆமென் சொன்னார்கள். மெசவுதா கமூஸின் குரலை மட்டும் தேடிக் காது கொடுத்தாள். அது வரவில்லை. அதற்குப் பிறகே கன்னத்தைக் கீறிக்கொண்டு, தொண்டை கட்டும்வரை அழுதாள்.

அடுத்த வசந்தத்தில் கும்பல் திரும்பி வந்து ஷூஷானின் நெஞ்சில் சுட்டது. மாலைத் தொழுகைக்கு அவன் வந்து நின்றான். மெசவுதா முகத்தைக் கழுவிக்கொண்டு, பெருநிலத்தில் இன்னொரு ஆண்பிள்ளையைத் தேடப் படகேறினாள்.