செயின் லாக்

"அரை மணி நேரம்னு சொன்னீங்க, இப்ப பாருங்க…"

"செயின் வறண்டு கெடக்குது பாரதி. இப்படியே ஓட்டுனா பல்லடம் போறதுக்குள்ள…"

"ஆட்டோவுல போயிக்கறன்னு அப்பவே சொன்னனுங்க."

"அறுந்து போயிரும்ங்கறேன்."

ஜெயபாரதி வாசலில் பையோடு நின்றாள். மூலனூரில் அவள் அம்மா வீடு. இந்தத் தடவை போனால் திரும்பி வரமாட்டேன் என்று முந்தின நாளே சொல்லிவிட்டாள். அதற்குக் கணவன் வேல்குமார், நானே பைக்கில் பல்லடம் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிடுகிறேன் என்றான். அவ்வளவுதான் சொன்னான். காலையில் அவள் எழுந்து பார்த்தபோது பைக் செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப் போட்டிருந்தான்.

சண்டை செயினைப் பற்றியது அல்ல. வேல்குமார் வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர். ஒன்றரை ஷிப்ட் முடித்துத்தான் வருவான். வந்தால் சோறு, செல்போன், தூக்கம். ஞாயிற்றுக்கிழமை பைக். நான் என்ன சொன்னாலும் 'ம்' போடுவார், இப்போது அந்த 'ம்' கூடக் குறைந்துவிட்டது என்று அம்மாவிடம் போனில் சொல்லி அழுதிருக்கிறாள். பக்கத்து அறைகளில் எல்லாம் இந்திக்காரர்கள். சிரித்துக்கொள்ளலாம், பேச முடியாது.

செயின் வறண்டதற்கும் அவன்தான் காரணம். கல்யாணமான புதிதில் அவள் சேலைக் கரையில் கிரீஸ் பட்டுவிட்டது. அன்றிலிருந்து, கம்பெனியில் தையல் மெஷினுக்கு விடுகிற வெள்ளை எண்ணெயையே செயினுக்கும் விட்டான். துணியில் கறை பிடிக்காது. ஆனால் தண்ணீர் மாதிரி இருக்கும். சக்கரம் சுற்றினால் தெறித்துவிடும், செயினில் நிற்காது. மெக்கானிக் திட்டியும் அவன் மாற்றவில்லை. ஏன் என்று அவளிடம் சொன்னதும் இல்லை.

வேஸ்ட் துணியால் ஒவ்வொரு கண்ணியாகத் துடைத்தான். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான். ஒரு பஸ் போயிருக்கும் என்றாள். ஆமாம் என்று தலையாட்டினான்.

கடைசியில் செயினைப் பல்சக்கரத்தில் மாட்டி இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்தான். அதைப் பூட்டுகிற சின்ன லாக்கைக் காணோம். ஒரு கையால் சிமெண்டுத் தரையைத் தடவினான். அவளும் பையை வைத்துவிட்டுக் குனிந்து தேடினாள், துணியையெல்லாம் உதறினாள். எங்கே வைத்தீர்கள் என்று கேட்டதற்கு அவன் தலையை மட்டும் அசைத்தான்.

நிமிர்ந்து பார்த்தாள். அவன் உதடுகளுக்கு நடுவே அந்த லாக் மினுங்கியது. தைக்கும்போது ஊசியை வாயில் கவ்வி வைக்கிற பழக்கம். மறதியாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். அவன் கண்ணைப் பார்த்ததும் வேண்டுமென்றேதான் என்று தெரிந்துவிட்டது.

இரண்டு விரலால் அதை உருவி எடுத்து, தன் சேலையிலேயே துடைத்து, அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

அவன் பூட்டினான். அந்த வெள்ளை எண்ணெயையே மறுபடியும் விட்டான். சக்கரத்தைச் சுற்றிவிட்டான். சத்தமில்லாமல் சுற்றியது. துடைக்க இனி ஒன்றும் இல்லை. அவன் வாயிலும் ஒன்றும் இல்லை.

அவள் பையை எடுக்கவில்லை. அவனுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

"நான் போவட்டுங்களா, இருக்கட்டுங்களா? நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க."