முட்டுச்சந்தில் ஒரு கார்

அப்பாவின் மேல் கட்சிக் கொடியைப் போர்த்த வந்த ஐயாவின் உதவியாளன் கையை அவள் பிடித்துத் தடுத்தாள்.

"போர்வையே போதும்."

"ஐயா வர்ற நேரம்மா," என்றான் அவன். அவள் கையை எடுக்கவில்லை. கொடியை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு நகர்ந்தான்.

காலையிலேயே எடுத்திருக்க வேண்டிய உடல். ஐயா வருகிறார் என்று சொல்லி உச்சி வெயில் வரை கிடத்திவிட்டார்கள். கட்சியும் ஐயாவுடையது, பிரார்த்தனை மண்டபமும் ஐயாவுடையது. ஊரில் பாதிப் பேர் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள். மீதிப் பேர் காலில் விழுந்துவிட்டு ஓட்டுப் போட்டார்கள். அவருடைய காரை ஆயுள் முழுக்க ஓட்டியவர் அப்பா.

துக்கம் கேட்க வந்தவர்கள் அழுது முடித்ததும் அவளை ஓரமாகக் கூப்பிட்டார்கள். ஐயாவுக்கு மலை மேல் மாளிகையாமே, பாழுங்கிணற்றுக்குள் தங்கமாமே, அப்பாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும் என்றார்கள். சித்தப்பாகூட விடவில்லை. உன் காதில் மட்டுமாவது போட்டிருப்பாரே என்று இரண்டு முறை கேட்டுவிட்டார்.

அவளுக்குத் தெரிந்த சொத்து அலமாரியில் இருந்தது. ஐயா மந்திரித்துக் கொடுத்த தண்ணீர் பாட்டில்கள். நெஞ்சு வலிக்கிறது என்று அப்பா சொன்னபோதெல்லாம் ஒன்று வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால், ஐயா மேல் நம்பிக்கை போய்விட்டதா என்றார்கள். ஐயா மட்டும் பல்வலிக்கு வெளிநாடு பறந்தார். அவரை விமான நிலையத்தில் இறக்கிவிட்டு வந்தவரும் அப்பாதான்.

ஹாரன் கேட்டது. அந்த முட்டுச்சந்துக்குள் அப்பா எவ்வளவு அவசரத்திலும் பின்பக்கமாகத்தான் காரைக் கொண்டுவருவார். போகிற வழியைப் பார்த்து நிற்கவேண்டும் வண்டி என்பார். புது டிரைவர் நேரே நுழைந்து, வாசலைத் தாண்டி, சந்தின் கடைசிச் சுவரில் முட்டாத குறையாக நிறுத்தினான்.

ஐயா உள்ளே வந்தார். படம் எடுக்கும்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு எல்லோரையும் வெளியே அனுப்பச் சொன்னார். அம்மாவும் அவளும் மட்டும் நகரவில்லை. உதவியாளன் ஆணியில் தொங்கிய அப்பாவின் யூனிஃபார்ம் பைகளை வெளியே இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கடைசியா அப்பா ஏதாவது சொன்னாராம்மா?" ஐயா குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

சுவரொட்டிகளில் சிரித்தே பழகிய அந்த முகத்தில் அவள் முதல்முறையாகப் பயத்தைப் பார்த்தாள்.

"சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"வண்டியத் திருப்பி நிறுத்தியாச்சான்னு கேட்டாரு."

"வேற?"

"அவ்வளவுதான்."

அவர் நம்பவில்லை. எந்த வண்டி, எங்கே நிற்கிறது என்று கேட்டார். அப்பா உயிரை விடும்போதும் இவருடைய வண்டியைத்தான் நினைத்தார் என்பதை இவருக்கு விளக்க அவளுக்கு மனமில்லை. ஐயா வியர்வையைத் துடைத்தபடி காருக்கு விரைந்தார். வெளியே நின்றவர்கள் உள்ளே வந்தார்கள்.

"ஐயா கிளம்பட்டும், அப்புறம் எடுங்க," என்றான் உதவியாளன்.

"தூக்குங்க சித்தப்பா," என்றாள் அவள். "எங்கப்பா அவருக்காகக் காத்துக் கெடந்தது போதும்."

சித்தப்பா தயங்கினார். ஐயா பெயரைச் சொன்னாலே எழுந்து நிற்கும் அம்மா, குனிந்து பாடையின் ஒரு முனையைப் பிடித்தாள். அதன் பிறகு யாரும் தயங்கவில்லை.

சந்தில் உடல் முன்னால் போனது. பின்னால், திரும்ப இடமில்லாத கார், கீச்கீச்சென்று ரிவர்ஸில் ஊர்ந்து வந்தது. புது டிரைவர் கழுத்தை வெளியே நீட்டி, தூக்கிச் செல்பவர்களின் கால்களைப் பார்த்துப் பார்த்து ஓட்டினான். பின் சீட்டில் ஐயா, தூரம் போய்க்கொண்டிருந்த அந்த வீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.