ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து நான்காம் பிள்ளை

உலகத்தில் டென்னிஸ் ஆடிப் பிழைக்கிறவர்களின் பட்டியலில் தேனுஜனுக்கு ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து நான்காம் இடம். இருபத்தொன்பது வயதுக்கு இது பெரிய இடமா, சின்ன இடமா என்று அவனுக்கே சரியாகத் தெரியாது. ஆனால் வெள்ளவத்தை அடுக்குமாடி வீட்டின் மூன்றாம் தட்டில் அவனுடைய அப்பா பொன்னம்பலத்துக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் முப்பத்து நான்கு வருடம் கணக்குப் படிப்பித்த மனிதர். எந்தப் பிள்ளையைக் கண்டாலும், பெயரைக் கேட்க முதல், வகுப்பில் எத்தனையாம் பிள்ளை, அதாவது எத்தனையாம் ரேங்க், என்றுதான் கேட்பார். பதினொன்றாம் பிள்ளை என்று சொன்னவனுக்கே அதற்குப் பிறகு முகம் கொடுக்கமாட்டார். சொந்த மகன் நாலு இலக்கத்தில் நின்றால் பாவம், அவரும்தான் என்ன செய்வார்? யாராவது விசாரித்தால் "வெளிநாட்டில ஒரு ட்ரெய்னிங்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மழைக்கு மாற்றிவிடுவார்.

அந்த இடமும் ஒரேயொரு புள்ளியால் வந்தது. போன வருடம் துனீசியாவில், இரண்டு பூனைகளும் ஒரு காவலாளியும் பார்த்திருக்க, ஓர் இத்தாலியனை வென்று எடுத்த புள்ளி. டென்னிஸில் ஒரு புள்ளிக்கு ஆயுள் ஒரு வருடம். அதற்குள் இன்னொன்று எடுக்காவிட்டால் பெயரே பட்டியலில் இராது. ஒன்பது வருடமாக அவன் மலிவு விமானங்களில் அலைந்தான், முன்பின் தெரியாதவர்களோடு அறையைப் பகிர்ந்தான், ராக்கெட்டுக்குத் தானே நரம்பு கட்டினான். கோப்பைக்காக என்று மற்றவர்களிடம் சொல்லுவான். உண்மையில் அப்பா ஒரு நாளாவது அவனைப் பார்த்து எத்தனையாம் பிள்ளை என்று கேட்கவேண்டும், அவன் தலைநிமிர்ந்து பதில் சொல்லவேண்டும், அவ்வளவுதான்.

புள்ளி காலாவதியாகிற கிழமையில் கொழும்பிலேயே ஒரு சிறிய சர்வதேசப் போட்டி வந்தது. முதல் சுற்றை வென்றால் போதும். தோற்றால் ஆட்டத்தையே விட்டுவிடுவது என்று முடிவெடுத்திருந்தான். கொழும்பு ஏழில் ஒரு கிளப், வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு டென்னிஸ் பழக்க ஆள் தேடிக்கொண்டிருந்தது. தோற்றால் ஒன்றாம் திகதி வருகிறேன் என்று அங்கே சொல்லியும் வைத்திருந்தான். அவனுடைய இடது முழங்கால் அந்த வேலைக்கு எப்போதோ சம்மதித்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் பொன்னம்பலத்துக்கு ஞானம் பிறந்தது. மேல் வீட்டுச் சுபோதினி, உயர்தரப் பரீட்சையில் அகில இலங்கையில் முப்பத்தோராம் இடம் எடுத்த தன் மகனைப் பற்றி நூறாவது தடவையாகப் படிக்கட்டில் நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பொன்னம்பலம் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"உலகத்தில எத்தினை பேர் டென்னிஸ் விளையாடுகினம்?"

"எட்டு ஒன்பது கோடி எண்டு சொல்லுவினம் அப்பா."

மின்சாரப் பில்லைத் திருப்பிப் போட்டு வகுத்தார். இன்னொரு தரம் வகுத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"சுபோதினின்ர பெடியன், மூண்டு லட்சம் பேர் எழுதின சோதனையில, ஏறத்தாழப் பத்தாயிரத்தில ஒருத்தன். நீ நாப்பத்தையாயிரத்தில ஒருத்தன். ஏன்ரா இதை இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லேல்ல?"

மறுநாளே பட்டியலின் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, மகனின் பெயருக்கு மஞ்சள் மை பூசி, லேமினேட் பண்ணி, கீழே லிஃப்டுக்குப் பக்கத்து அறிவித்தல் பலகையில், தண்ணீர் வெட்டு அறிவித்தலுக்கு மேலே மாட்டினார். ஒன்பது வருடம் இதற்காகக் காத்திருந்த மகன், அந்த இடம் காலாவதியாகப் போகிறது என்று சொல்லாமலே பயிற்சிக்குப் போனான்.

செவ்வாய்க்கிழமை ஒரு கொரியனிடம் தேனுஜன் நேர் செட்டில் தோற்றான். ஒரு மணித்தியாலமும் ஏழு நிமிடமும் போனது. வீட்டுக்கு வந்ததும் பொன்னம்பலம் தானே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

"ஒரு மெட்ச் போனா என்ன? ரேங்க் இருக்குத்தானே."

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. இந்த ஊரில் அகில இலங்கை ரேங்க் ஒருமுறை எடுத்தால் அது கட்டைக்குப் போகும்வரை கூடவரும். அறுபது வயது ஆளையும் "எழுபத்தெட்டில ஐலண்ட் ஃபிஃப்த்" என்றுதான் கலியாண வீட்டில் அறிமுகப்படுத்துவார்கள். டென்னிஸ் ரேங்கும் அப்படித்தான் என்று அவர் நம்பியிருந்தார். தேனுஜன் உண்மையைச் சொல்லாமல் தேத்தண்ணியைக் குடித்தான்.

திங்கட்கிழமை மாலை சுபோதினி ஃபோனும் கையுமாக இறங்கி வந்தார்.

"மாஸ்டர், மகன் கனடாவில இருந்து தேடிப் பார்த்தவன். தம்பின்ர பேர் லிஸ்டில இல்லையாமே?"

பொன்னம்பலம் சிரித்தார். பிறகு மகனின் முகத்தைப் பார்த்தார்.

"ஓம் அப்பா. செவ்வாய்க்கிழமை தோத்தபடியா வெட்டிப்போட்டாங்கள்."

"வந்த றிசல்ட்டை எப்பிடி வெட்டுறது? றீ-கரெக்‌ஷனுக்குப் போடு."

"அதெல்லாம் இல்லை அப்பா. திங்களுக்குத் திங்கள் புது றிசல்ட்."

"அப்ப கிழமைக்குக் கிழமை சோதனையோ?"

"ஓம்."

"ஒன்பது வருஷமாவோ?"

"ஓம் அப்பா."

அவர் கதிரையில் உட்கார்ந்தார். மகனின் முழங்காலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறவர் மாதிரிப் பார்த்தார். பிறகு சுபோதினியின் பக்கம் திரும்பினார்.

"உங்கட மகன் எத்தினையாம் ஷையில அந்த ரேங்க் எடுத்தவர்?"

உயர்தரப் பரீட்சையை மூன்று தரம் எழுதலாம், ஒவ்வொரு தரமும் ஒரு ஷை. சுபோதினியின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"செகண்ட் ஷை, மாஸ்டர்."

"அப்ப என்ர மகனும் செகண்ட் ஷை எழுதுவான்."

என்ர மகன் என்று அப்பா வெளியாளுக்கு முன்னால் சொல்லி அவன் கேட்டதில்லை. இந்தச் சொல்லுக்காகத்தான் ஒன்பது வருடம் ஓடினான், அது ஓடுவதை நிறுத்திய ஆறாம் நாள் வந்து சேர்ந்திருக்கிறது. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த மனிதரைப் பிடித்து உலுக்கவேண்டும் போலவும் இருந்தது. முழங்கால் வேறு விண்விண் என்று குத்தியது.

"அடுத்தது எப்ப?" என்றார் பொன்னம்பலம்.

"வாற மாசம் அப்பா. துனீசியாவில."

சொன்னபிறகுதான் சொன்னது அவனுக்கே உறைத்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கிளப்புக்கு ஃபோன் எடுத்து, ஒன்றாம் திகதி வரமுடியாது என்று சிங்களத்தில் சொன்னான். மனேஜருக்குக் கோபம். எல்லாம் பேசி முடித்த பிறகு இது என்ன தம்பி என்று காரணம் கேட்டார்.

எக்ஸாம் இருக்கிறது, வீட்டில் விடமாட்டார்கள் என்றான் இருபத்தொன்பது வயது தேனுஜன்.