விஷமில்லாத கொட்டகை

அப்பாவின் வலது கை சட்டைக்குள் நுழைய மறுத்தது. மூத்தவள் தோளைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, தம்பி கையை மெல்ல மடக்கி உள்ளே விட்டான். போன வருஷம் வயிற்றில் பிதுங்கிய அதே சட்டை இப்போது தொளதொளவென்று கிடந்தது. இருமி இருமியே, சாகும்போது மனிதர் பாதியாகிப் போயிருந்தார்.

"காலைல முதலாளி பேசுனாருடி," என்றாள் அம்மா, சீப்பைத் தேடிக்கொண்டே. "அப்பா வேலையைத் தம்பிக்கே தர்றாராம். திங்கக்கிழமையே வரச் சொல்லிட்டாரு."

"அதே கொட்டகையா?"

அம்மா தலையாட்டினாள். தம்பி அப்பாவின் சட்டைக் கையைத் தேவையில்லாமல் நீவிக்கொண்டிருந்தான். "எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குக்கா," என்றான்.

மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காளான் வளர்க்கும் கம்பெனி அது. வீணாய்ப் போகிற வைக்கோலில் காளான் விளையும். மருந்து கிடையாது, உரம் கிடையாது. லாபத்தில் பாதி பள்ளிக்கூடங்களுக்குப் போகிறது. எல்லாம் நல்ல காரியம்தான், யார் இல்லையென்றது? ஆனால் காற்றுப் போகாத அந்தக் கொட்டகையில் காளான் உதிர்க்கிற தூள் புகையாக நிற்கும். அப்பா அதற்குள்ளேயே பொழுதெல்லாம் நின்றார். "அந்தத் தூளாலதான் நுரையீரல் பூரா தழும்பாயிடுச்சு. ஒழுங்கா முகமூடி போட்டிருந்தா இந்த அளவுக்கு வந்திருக்காது," என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

முகமூடி அங்கே யாரும் போடுவதில்லை. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் முகமூடியைக் கண்டால் ஏதோ மருந்தடிக்கிறார்கள் என்று நினைத்துவிடுவார்களாம். முதலாளி சொன்ன இதை அப்பா வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். மகள் வாங்கிக் கொடுத்ததைக்கூடச் சிரித்தபடி திருப்பிக் கொடுத்தார். "விஷமே இல்லாத எடத்துல மூக்கை எதுக்கும்மா கட்டணும்? பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க?"

முதலாளி பெரிய படம் ஒன்றோடு வந்து சேர்ந்தார். முதலாளி என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. காளான் பாக்கெட்டின் மேல் இருக்கும் அதே படம்தான். அப்பா கை நிறையக் காளானோடு, மூக்கும் வாயும் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் இருந்த கம்பெனி முத்திரையை எடுக்கக்கூட அவர்களுக்கு மனசு வரவில்லை.

"இவர் எங்களுக்கு வேலைக்காரர் இல்லம்மா, குடும்பத்துல ஒருத்தர்," என்றபடி நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு தம்பியை அழைத்து அவன் உள்ளங்கையில் ஒரு சாவியை வைத்தார். "அப்பா வச்சிருந்த கொட்டகைச் சாவி. இனிமே உன்கிட்டதான் இருக்கணும்."

"முகமூடி குடுப்பீங்களா?" என்று கேட்டாள் மூத்தவள்.

அவர் இரக்கத்தோடு பார்த்தார். "நம்ம கொட்டகைல ஒரு துளி மருந்து கிடையாதும்மா. அவ்வளவு சுத்தம். அப்பாவுக்குப் புகை கிகை பழக்கம் இருந்துச்சோ என்னவோ..."

பீடியைக் கையால் தொடாத மனிதர் பக்கத்திலேயே கிடத்தப்பட்டிருந்தார். மூத்தவள் விடுவிடுவென்று உள்ளே போனாள். கதவுக்குப் பின்னால் அப்பாவின் வேலைச் சட்டை தொங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போன அன்று கழற்றியது, அம்மாவுக்கு அதைத் துவைக்க மனசு வரவில்லை. கொண்டுவந்து முதலாளியின் முகத்துக்கு நேரே ஓங்கி உதறினாள்.

ஜன்னல் வெயிலில் வெளுத்த தூள் எழுந்து சுழன்றது. முதலாளி சட்டென்று தலையைத் திருப்பி, கைக்குட்டையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டார்.

அம்மா சீப்போடு அப்படியே நின்று அவரையே பார்த்தாள்.

"கைக்குட்டையை எடுங்கய்யா," என்றாள் அம்மா. "வெறும் காளான் தூள்தானே."

அவர் எடுக்கவில்லை. முணுமுணுத்தபடி எழுந்து வாசலுக்கு நடந்தார்.

வெளியே வண்டி வந்து நின்றது. உடலைத் தூக்க வரச் சொன்னார்கள். தம்பிக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. முதலாளி உட்கார்ந்திருந்த நாற்காலியில் சாவியை வைத்துவிட்டு, அப்பாவின் தலைமாட்டுக்குப் போனான்.