ஸ்டிக்கரில் இருந்த நம்பர்

தேவநாதன் கஞ்சன் என்பது விருத்தாசலத்துக்கே தெரியும். அந்தக் கஞ்சத்தனமே ஒருநாள் அவரைக் கவிழ்க்கும் என்பதுதான் யாருக்கும் தெரியாமல் இருந்தது, அமுதவள்ளி உட்பட.

ஜங்ஷன் ரோட்டில் ஏசி கடை வைத்தபோது, கடைக்கென்று தனியாக ஒரு போன் வாங்க அவருக்கு மனசு வரவில்லை. விற்கிற ஏசி ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள் அல்லவா, அதில் கடைப் பெயரைப் பெரிதாகப் போட்டு, கீழே தன் மெக்கானிக் கொளஞ்சிநாதனின் சொந்த நம்பரை அச்சடித்துவிட்டார். கண்ட நேரத்தில் கூப்பிடுகிறவர்களுக்கு அவன் பதில் சொல்லிக்கொள்ளட்டும் என்பது அவர் எண்ணம். கம்மாபுரத்திலிருந்து சேத்தியாத்தோப்பு வரைக்கும் எந்த வீட்டு ஏசி மக்கர் பண்ணினாலும், பன்னிரண்டு வருஷமாக மணி அடித்தது அமுதவள்ளியின் வீட்டில்தான். பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு ஓடுவான் அவள் புருஷன் கொளஞ்சி.

சம்பளமா? வெயில் காலத்தில் பேருக்கு ஒன்று உண்டு. ஐப்பசி பிறந்தால் அதுவும் கிடையாது. "மழையில எவன் ஏசி போடப் போறான்? தை மாசம் வா" என்று அனுப்பிவிடுவார். பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று வாய் திறந்தால், "உனக்குத்தான் சேத்தியாத்தோப்புல பிராஞ்சு வச்சுக் குடுக்கப் போறனே, அப்புறம் என்னா?" என்பார். தீபாவளிக்குத் தீபாவளி ஒரு கிலோ மிக்சரும் அந்த பிராஞ்சும் வரும். மிக்சராவது கைக்கு வந்தது. ஐ.டி.ஐ.யில் கூடப் படித்தவர்கள் கத்தாருக்குப் போய் மாடி வீடு கட்டிவிட்டார்கள். கொளஞ்சி பிராஞ்சை நம்பி இங்கேயே கிடந்தான். மழை மாதங்களில் அமுதவள்ளி பீங்கான் கம்பெனியில் சூளை அனலில் வெந்து வாங்கி வந்த கூலியில்தான் வீட்டு அடுப்பு எரிந்தது.

போன ஆவணியில் மங்கலம்பேட்டையில் ஒரு வீட்டின் இரண்டாவது மாடிச் சுவரில் ஏசியின் வெளிப்பெட்டியை மாட்டும்போது கொளஞ்சி கீழே விழுந்தான். இடுப்பில் பாதுகாப்பு பெல்ட் இல்லை. கேட்டுக் கேட்டு அலுத்ததுதான் மிச்சம், தேவநாதன் வாங்கித் தரவே இல்லை. தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் அந்த மனுஷன் கூசாமல் சொன்னார்:

"இவன் என் கடை ஆளு இல்ல சார். தனியா வேல பாக்குறவன். எப்பனா ஒரு வேல சொல்லுவேன், அவ்ளோதான்."

கட்டிலில் கிடந்த கொளஞ்சி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அமுதவள்ளியின் கையில் வெந்நீர் பிளாஸ்க் இருந்தது. அதை அந்த ஆள் தலையில் கவிழ்க்காமல் விட்டோமே என்று இன்றைக்கும் அவளுக்கு ஆத்திரம்தான்.

நஷ்ட ஈடு கேட்டு லேபர் ஆபீசுக்குப் போனாள். "அவரு அந்தக் கடையில வேல பாத்ததுக்கு என்னம்மா ஆதாரம்?" என்று கேட்டார்கள். சம்பளமெல்லாம் ரொக்கமாகக் கையில் கொடுத்தது. ஆதாரத்துக்கு எங்கே போவாள்? மறுநாள் மணவாளநல்லூர் போய் கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டினாள். மனுஷர்களிடம் நியாயம் கிடைக்காதவர்கள் தங்கள் புகாரை எழுதிச் சாமி சன்னிதியில் கட்டிவிட்டு வருவது அந்தப் பக்கத்து வழக்கம். அவன் கடை நாசமாகப் போகணும் என்றுதான் எழுத நினைத்தாள். அப்புறம் யோசித்து, 'இல்லன்னு சொன்ன அதே வாயால, கொளஞ்சி என் ஆளுன்னு அவரு சொல்லணும்' என்று எழுதினாள்.

மழை முடியும் வரை போன் சும்மா கிடந்தது. பங்குனி பிறந்ததும் அடிக்க ஆரம்பித்தது.

"ஏசி கொளஞ்சிங்களா? காத்து சூடா வருதுங்க."

கொளஞ்சி படுத்தபடியே சொன்னான், "மொதலாளிக்குச் சொல்லிடு அமுதா. ஆள் அனுப்புவாரு."

அவளுக்கு வந்ததே கோபம். "எந்த மொதலாளி? நீங்கதான் அவரு ஆளே இல்லியே! அவரு கடைக்கு நாம எதுக்குத் தகவல் சொல்லணும்?"

அன்றைக்கே திலீபனைத் தேடிப் போனாள். அதே கடையில் வேலை பார்த்து, ஐப்பசியில் வழக்கம்போல வீட்டுக்கு அனுப்பப்பட்டவன். தையில் திரும்பிப் போகாமல், கத்தாருக்குப் போக ஏஜெண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மழ மாசத்துலயும் சம்பளம் உண்டு. அப்ப கீசர், ஃபிரிட்ஜு வேல பாரு. மாடி ஏறணும்னா பெல்ட்டு இல்லாம ஏற வேணாம். எவன் வந்து கேட்டாலும் நீ எங்க ஆளுன்னு நான் சொல்லுவேன்" என்றாள் அமுதவள்ளி.

கடைசியாகச் சொன்னதுதான் அவனை அசைத்தது. "ஒரு வருஷம் பாக்குறன்க்கா. சரிப்படலன்னா கத்தாருதான்" என்றான்.

கொளஞ்சி கட்டிலில் உட்கார்ந்து போனிலேயே பாதிக் கோளாறைக் கண்டுபிடித்துச் சொல்ல, திலீபன் போய்ச் சரி செய்தான். சித்திரையில் இன்னும் இரண்டு பேரைச் சேர்க்க வேண்டியதாயிற்று. ஊர் வெந்துகொண்டிருந்தது, தேவநாதன் கடையிலோ ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் ஆப்பிள் பையோடு வந்து நின்றார் மனுஷன். "தங்கச்சி, அந்த சிம்மக் குடுத்துடு. அது என் கடை நம்பரு."

அப்போதுதான் அமுதவள்ளிக்குப் பொறி தட்டியது. என் கடை நம்பர்! இதையே இந்த ஆளை நாலு பேர் முன்னால் சொல்ல வைத்தால்?

"வெளியாளு நம்பரு உங்களுக்கு எதுக்குங்க?" என்று சீண்டினாள்.

"ஸ்டேஷனுக்குப் போவேன், பாத்துக்க!"

"போங்க. உங்களுக்கு அந்தத் தைரியம் இருக்குதான்னு பாக்குறேன்."

ரோஷக்காரர், போய்விட்டார். மறுநாள் அவளையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பெண். "நம்பர் கொளஞ்சிநாதன் பேர்ல இருக்குது. உங்க நம்பர்னு எப்பிடி சொல்றீங்க?" என்று தேவநாதனிடம் கேட்டார்.

"அவன் என் கடை ஆளுதான மேடம்! பன்னண்டு வருஷமா எங்கிட்ட சம்பளம் வாங்குனவன். என் ஆளு கையில இருந்த நம்பரு எனக்குத்தான சொந்தம்?"

அமுதவள்ளிக்கு உடம்பு சிலிர்த்தது. கொளஞ்சியப்பா என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டாள். குரலை மட்டும் அடக்கி, "மேடம், ஐயா சொன்னத அப்பிடியே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க" என்றாள்.

நம்பர் கைக்கு வந்துவிட்டதாகவே நினைத்து, தேவநாதன் மளமளவென்று எழுதினார். 'என் கடை ஊழியர் கொளஞ்சிநாதன்' என்ற இடத்தில் அடிக்கோடு வேறு. கையெழுத்தும் போட்டார்.

"மேடம், எங்க வூட்டுக்காரரு மாடியிலேருந்து வுழுந்தப்ப, போலீஸ்கிட்ட 'இவன் என் ஆளு இல்ல'ன்னு சொன்னதும் இவருதான். லேபர் ஆபீஸுல கேஸ் நிக்குது. எனக்கு இதுல ஒரு காப்பி வேணும்."

தேவநாதனின் முகம் வெளிறிப்போயிற்று. காகிதத்தை இழுக்கக் கை நீட்டினார். சப்-இன்ஸ்பெக்டர் அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார். "குடுத்த புகார் குடுத்ததுதான், அவங்களுக்குக் காப்பியும் உண்டு. நம்பர் அவர் பேர்ல இருக்குது, அவரோடதுதான். நீங்க போலாம்."

அமுதவள்ளி வெளியே வந்ததும் அவள் பின்னாலேயே தேவநாதன் ஓடி வந்தார். "தங்கச்சி, பிராது கட்டியிருக்கியாமே. பணத்தப் பத்திப் பேசிக்கலாம், அத மட்டும் வாபஸ் வாங்கிடும்மா. வூட்டுல பயப்படுறாங்க."

"பணம் கைக்கு வரட்டும். அதுவரைக்கும் அங்கியே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அந்த நடை அவளுக்கே பிடித்திருந்தது.

எதிர் டீக்கடையில் ஊன்றுகோலோடு கொளஞ்சி உட்கார்ந்திருந்தான். நடந்ததைச் சொன்னாள். "அவரு வாயாலயா? என் ஆளுன்னா சொன்னாரு?" என்று இரண்டு தடவை கேட்டான். கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க டீயை ஊதினான். டீயைக் குடித்து முடித்து மெல்ல ஆரம்பித்தான்.

"காலைல அவரு வூட்டுலேருந்து போன் வந்துதே, அவரு சம்சாரம் சொர்ணாம்பாள் அம்மா. ஏசி ஓடலன்னாங்களே. பாவம், அந்தம்மா நல்லவங்க. ஆள் அனுப்புனியா?"

"அனுப்புறேன்னு சொல்லியிருக்கேன்" என்றாள் அமுதவள்ளி. "ஐப்பசி மாசம்."