வராதவர்களுக்கு மட்டும்

திருமங்கலத்தில் உக்கிரபாண்டியின் ரெடிமேட் கடை பன்னிரண்டு வருடமாக இருக்கிறது. ஊருக்குப் பெரிய ஜவுளிக்கடை ஒன்று வந்ததும் வியாபாரம் படுத்தது. அப்போதுதான் கிரெடிட் கார்டு சலுகைகளைக் கடைகளுக்குப் பேசிக்கொடுக்கும் ராம்கி வந்தான்.

"நாங்க எல்லாருக்கும் குடுக்க மாட்டோம்ணே. யாரு எந்தக் கடையில கார்டு தேய்க்கிறாகன்னு பேங்க்குக்குத் தெரியும். பெரிய கடைக்குப் போயி, உங்க கடைப் பக்கமே வராதவுக போனுக்கு மட்டும் சலுகை போகும். இருபது பெர்சன்ட் திரும்பக் கிடைக்கும்."

"அந்த இருபது யாரு குடுக்கிறது?"

"நீங்கதான். அதோட எங்க கமிஷன்."

"வழக்கமா வாரவுகளுக்கு?"

"அவுக எப்படியும் வாராகள்ல?"

உக்கிரபாண்டி கையெழுத்துப் போட்டார்.

தீபாவளிக்கு முத்துமீனா வந்தாள். கப்பலூர் கம்பெனியில் சூப்பர்வைசர். எட்டு வருடமாகப் பிள்ளைகளுக்கு வேறு கடையில் துணி எடுத்ததில்லை. இந்தமுறை நாத்தனார் இசைவாணியையும் வற்புறுத்தி அழைத்து வந்திருந்தாள். இருவரும் ஆளுக்கு ஐயாயிரத்துக்கு எடுத்தார்கள். இருவரிடமும் ஒரே பேங்க் கார்டு. இசைவாணி போனில் எதையோ தட்டிவிட்டுக் கார்டைக் கொடுத்தாள். பணம் போனதும் மெசேஜ் வந்தது.

"மதினி, ஆயிரம் ரூவா திரும்ப வருதாம்!"

முத்துமீனா தன் போனில் தேடினாள். ஒன்றுமில்லை.

"எனக்கு ஏண்ணே வரல?"

பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. "அது புதுசா வாரவுகளுக்கு மட்டும் தங்கச்சி."

"இவளைக் கூட்டிட்டு வந்ததே நான்தானே."

"நான் வேணா ஐநூறு குறைச்சுக்கிறேன்."

"வேணாம்ணே. கேட்டு வாங்குற அளவுக்கு நான் ஆகல." முகம் சிவந்து போனது அவளுக்கு. பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

பொங்கலுக்கு அவள் வரவில்லை. இவர் இரண்டு முறை போன் செய்தும் எடுக்கவில்லை. இசைவாணியும் அந்த ஒருமுறையோடு சரி.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில் முத்துமீனா மறுபடி வந்தாள். உக்கிரபாண்டி எழுந்தே நின்றுவிட்டார். அவள் உட்காரவில்லை. யூனிஃபார்ம் எடுத்தாள், கார்டை நீட்டினாள், போனை அவர் பக்கம் திருப்பினாள்.

"எனக்கும் வந்துருச்சு. எட்டு மாசம் பெரிய கடைக்குப் போனேன்ல, அதான்."

"மனசுல வச்சுக்காத தங்கச்சி."

"மனசுல என்னண்ணே இருக்கு? இனி சலுகை வந்தா வாரேன். வரலைன்னா அந்தக் கடை."

அவள் போனதும் ராம்கியைக் கூப்பிட்டார். "இந்தச் சலுகையை நிறுத்துப்பா. பழைய ஆளெல்லாம் விட்டுப் போறாக."

"நிறுத்திரலாம்ணே. ஆனா போன மாசம் உங்க கடையில கார்டு தேய்ச்சவுகள்ல பாதிப் பேரு சலுகைக்கு வந்தவுகதான். நிறுத்தினா அவுகளும் வரமாட்டாக."

உக்கிரபாண்டி கடையைப் பார்த்தார். நடுப்பகலில் ஒருவரும் இல்லை. பெரிய கடை வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை.

அடுத்த வருடத்துக்கும் கையெழுத்துப் போட்டார். ராம்கி இருபதை இருபத்தைந்தாக்கச் சொன்னான். அதற்கும் சரி என்றார்.